ஜெகநாதன் எழுந்திருக்கவில்லை

ஆரணிப் பட்டுக்காரர்களில் ஜெகநாதனைப் போல மரியாதை தெரிந்தவர் கிடையாது என்று ஊரே சொல்லும். வாசலில் யார் தலை தெரிந்தாலும் நெசவை அப்படியே போட்டுவிட்டுத் தறிக்குழியிலிருந்து ஏறி வந்து நிற்பார். தயிர்க்காரி வந்தாலும் எழுந்திருப்பார். மரியாதையாம், மண்ணாங்கட்டி! அவர் ஏன் எழுந்தார் என்று அவர் சம்சாரம் கற்பகம் என் தாயாரிடம் சொல்லி அழுததை நான் கேட்டிருக்கிறேன். எங்களுக்கு எதிர்வீடு அவர்கள்.

தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு வந்த நல்ல மழைதான் அவருக்குக் கெட்ட காலமாயிற்று. வீடு ஆற்றோரத் தெருவில், பள்ளத்தில். கமண்டல நாக நதியில் தண்ணீர் வந்தால் போதும், தறிக்குழியில் ஊற்றெடுத்துவிடும். நெய்கிறவன் காலைத் தொங்கவிட்டு மிதிகட்டையை மிதிக்கிற குழி அது. அதில் தண்ணீர் நின்றால் எங்கே நெய்வது? ஐப்பசி கார்த்திகையில் தறி சும்மா கிடக்கும், அடுப்பும் பாதி நாள் சும்மா கிடக்கும். பட்டு கொடுக்கிற முதலாளியோ, "இந்தப் பொடவையோட சரி. ஈரக் குழியில என் பட்டைப் போட்டு நாசம் பண்ணாதே. மேட்டுல வீடு பாத்துகினு வா, அப்புறம் நெய்யறதுக்குப் பாவு தரேன்" என்று சொல்லிவிட்டார்.

மனுஷன் ஒரு அவசரக்குடுக்கை. கோட்டைப் பக்கம் மேட்டில் ஒரு வீடு விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டதும், தன் வீட்டை விற்கும் முன்பே அதற்கு அச்சாரம் கொடுத்துவிட்டார். கற்பகத்தின் கம்மல் அதில் போயிற்று. கார்த்திகை தீபத்துக்குள் மீதியைக் கட்டாவிட்டால் அச்சாரமும் இல்லை, வீடும் இல்லை. இவர் வீட்டையோ மழைக்காலத்தில் எவன் வாங்குவான்? வந்தவர்கள் குழியை எட்டிப் பார்த்தார்கள், வாயில் வெற்றிலை கூடப் போடாமல் போய்விட்டார்கள். அவருக்குச் சோறு இறங்கவில்லை. கற்பகத்திடம் எரிந்து விழுந்தார்.

அப்போதுதான் முள்ளிப்பட்டு சிங்கராயர் வந்தார். வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர்; அவரும் நெசவாளி. அடுத்தவர் வீட்டில் கூலிக்கு நெய்து மிச்சம் பிடித்து, சொந்தமாக ஒரு கூரை வேண்டும் என்று முதல் தடவையாகக் கிளம்பியவர். தரகன் பழனி, "நாளைக்கு இட்டுகினு வரேன், குழியை எறைச்சு வையுங்க" என்று சொல்லியிருந்தான். தரகன் பேச்சை நம்பினால் அப்படித்தான். அவர்கள் அன்றைக்கே வந்துவிட்டார்கள்.

வாசலில் குரல் கேட்டதும் ஜெகநாதனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இறைக்க நேரமில்லை. என்ன தோன்றியதோ, வேட்டியைச் சுருட்டிக்கொண்டு குழியில் இறங்கி உட்கார்ந்துவிட்டார். முழங்கால் வரை சில்லென்ற தண்ணீர். பாதி நெய்த புடவை மேலே மறைத்துக்கொண்டது. இழை ஓட்டுகிற நாடாக்கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, "வாங்க, வாங்க" என்று சிரித்தார்.

தறியில் இருப்பவனை எழுப்பக் கூடாது என்று நெய்கிறவர்களுக்குள் ஒரு நாகரிகம் உண்டு. "நீங்க வேலையைப் பாருங்க, நாங்க சுத்திப் பாத்துகினு வரோம்" என்று சிங்கராயர் தன் மனைவி ரோசம்மாளோடு உள்ளே போனார். அந்த அம்மாளுக்கு வீடு பிடித்துப்போயிற்று. சுவரில் இருந்த மாடத்தைத் தடவித் தடவிப் பார்த்து, "இங்க மாதா சுரூபம் வெக்கலாம்" என்றாள். பிறகு திரும்பி, "அக்கா, மழைக்குக் குழி ஊறுமா?" என்று கேட்டாள்.

கற்பகம் வாயைத் திறப்பதற்குள் குழியிலிருந்து பதில் வந்தது.

"ஒரு சொட்டு கெடையாதுங்க! சித்திரையும் கார்த்திகையும் எனக்கு ஒண்ணுதான்."

சொல்லும்போதே தண்ணீருக்குள் அவர் பாதம் விறைத்துக்கொண்டிருந்தது. கற்பகம் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அந்த நிமிஷம் பூமி பிளந்து உள்ளே போயிருக்கக் கூடாதா என்று இருந்ததாம் அவளுக்கு.

சிங்கராயர் தறிக்கு எதிரே வந்து குந்தினார். அவர் கண் புடவை மேல் இருந்தது. அவர் உள்ளே போனபோது நெசவு எங்கே இருந்ததோ அங்கேயே இருந்தது. மிதிகட்டைச் சத்தம் ஒரு தடவை கூடக் கேட்கவில்லை. நெய்கிறவனிடமே நெய்வது போல நடித்தால் எத்தனை நேரம் தாங்கும்? அவர் பார்வை புடவையிலிருந்து குழிப் பக்கம் இறங்கியது. பழனியோ பறந்தான்.

"அப்ப முடிச்சிடலாங்க. எழுந்து வெத்தலை பாக்கு வாங்கிக்குங்க, ஜல்தி!"

வீடு விற்கிற தாம்பூலத்தை உட்கார்ந்தபடி வாங்குவார்களா? ஜெகநாதன் எழுந்திருக்கவில்லை. "இந்த இழை... இந்த ஒரு இழையை முடிச்சிட்டு..." என்று இழுத்தார். பழனி தட்டோடு நின்றான்.

சிங்கராயர் தட்டை வாங்கித் தரையில் வைத்தார். குழியோரம் வந்து கையை நீட்டினார்.

"மொதல்ல ஏறி வாங்க. எவ்ளோ நேரமா ஊறிகினு இருக்கீங்க, கால் மரத்துப் போயிருக்கும்."

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் இவரும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பார். கால் நிஜமாகவே மரத்துப்போயிருந்ததால் அந்தக் கையைப் பிடிக்காமல் ஏறவும் முடியவில்லை. பிடித்து ஏறினார். தண்ணீர் சொட்டச் சொட்ட ரோசம்மாளுக்கு எதிரே நின்றார். அவள் மாடத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

மேட்டு வீடு கைவிட்டுப் போயிற்று. கம்மலும் போயிற்று. முதலாளியிடம் கெஞ்சி, வெயில் மாதங்களுக்கு மட்டும் பாவு வாங்கி அதே குழியில் நெய்தார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். சிங்கராயர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார் என்று தெருவில் தலைகாட்டாமல் கிடந்தார். யாரும் சிரிக்கவில்லை. பழனி பிழைப்புக்காக வாயை மூடிக்கொண்டான், சரி. சிங்கராயர் ஏன் மூடிக்கொண்டார்? சொல்லியிருந்தால் ஊர் நாலு நாள் சிரித்துவிட்டு மறந்திருக்கும். சொல்லாததால் இவர் ஒருவரே அதைச் சுமக்க வேண்டியதாயிற்று. அன்று பிடித்த பழக்கம்தான் இந்த எழுந்திருக்கிற பழக்கம்.

வெகுகாலம் கழித்து ஒரு வைகாசி வெயிலில் சிங்கராயர் மறுபடி அந்த வாசலுக்கு வந்தார். வேறு தெருவில் வீடு வாங்கிக் குடிவந்திருந்தார், மகள் கல்யாணத்துக்கு அழைக்க வந்தார். "ஒக்காருங்க, ஒக்காருங்க, வேலையைப் பாருங்க" என்று அவர் சொல்லச் சொல்ல, ஜெகநாதன் அடித்துப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினார். யாரும் கேட்காமலேயே வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தார்.

"காஞ்சிருக்குதுங்க. பாருங்க, காஞ்சிருக்குது."

சிங்கராயர் பார்க்கவில்லை. வெற்றிலைத் தட்டைக் கற்பகத்திடம் கொடுத்துவிட்டு, ஜெகநாதனின் கையைப் பிடித்து, வேட்டியை மெல்லக் கீழே இறக்கிவிட்டார்.