நின்றே சேர்த்த கல்

ஜவுளிக்கடையில் புடவையைப் பிரித்துக் காட்ட ஒரு வாரத்தில் பழகிவிடலாம், தாகத்தை அடக்கப் பழகத்தான் நாளாகும். எண்பதுகளின் கடைசியில் தாம்பரத்தில் ஒரு கடையில் பட்டுப் பிரிவில் நின்றேன். உட்கார ஸ்டூல் கிடையாது. உங்களில் யாராவது கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றவர்கள் இருந்தால், நான் சொல்லப்போவது உங்களுக்குத் தெரிந்த கதைதான்.

சாவி

கடைக்குள் இருந்த பாத்ரூம் வாடிக்கையாளர்களுக்கு. எங்களுக்குப் பின்சந்தில், குடோனை ஒட்டி ஒன்று. அதன் சாவி சூப்பர்வைசர் சட்டைப்பையில் இருக்கும். என் பக்கத்தில் நின்ற மேரி பொழிச்சலூர்ப் பெண், கூச்ச சுபாவம். ஒருநாள் தயங்கித் தயங்கிச் சாவி கேட்டாள். "இன்னாம்மா, இப்பதானே போய்ட்டு வந்தே?" என்று அவர் கூட்டத்துக்கு நடுவே சத்தமாகக் கேட்டுவிட்டார். புடவை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு மேரி வீட்டிலிருந்து கொண்டுவரும் தண்ணீர் பாட்டில் அப்படியே திரும்பிப் போனது. ஏன்டி என்று கேட்டேன்.

"குடிச்சாத்தானே அக்கா சாவி கேக்கணும்?"

அரக்குக் கலர்

ஆடித் தள்ளுபடி. மாடியில் எங்கள் பிரிவுக்கு மேலே தகரக்கூரை. நெற்றி வியர்வை புடவையில் சொட்டாமல் இருக்க மேரி தோளிலேயே துடைத்துக்கொண்டிருந்தாள். குரோம்பேட்டையிலிருந்து கல்யாண ஜவுளிக்கு வந்த குடும்பத்துக்குப் புடவைகளை மலைபோலப் பிரித்துப் போட்டாயிற்று. திடீரென்று மேரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு மடங்கி, புடவைகள் மேலேயே சாய்ந்தாள். வலியில் முகம் வெளிறி, குமட்டிக்கொண்டு வந்தது அவளுக்கு. நான் தாங்கிப் பிடித்தேன். கல்யாணப் பெண்ணின் அம்மா பதறி எழுந்தார்.

"அந்த அரக்குக் கலரை மட்டும் அழுக்காகாம எடுத்துடும்மா!"

மாத்திரை

ஆட்டோவில் நர்ஸிங்ஹோமுக்குக் கூட்டிப் போனேன். எக்ஸ்ரேயில் சிறுநீர்க்குழாயில் கல் தெரிந்தது. வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்று டாக்டர் கேட்டார். அப்பாவுக்கு இருந்தது என்றாள் மேரி.

"அப்ப நீ இன்னும் ஜாக்கிரதையா இருந்திருக்கணும். வேர்த்துக் கொட்டுது, தண்ணியும் குடிக்கிறதில்லை. சிறுநீர் கெட்டியாகி, அதுல இருக்கிற உப்பு படிஞ்சு கல்லாயிடும். ஒரு தடவை வந்தா மறுபடி வரும். நிறையத் தண்ணி குடி, அடக்காதே" என்றார். மேரி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கடைசியில் கேட்டாள்:

"தண்ணி குடிக்காமலே கரையற மாதிரி மாத்திரை ஏதாவது இருக்கா டாக்டர்?"

தக்காளி

அந்தக் கல் தானாக வெளியேறியது. மேரியும் வேலைக்குத் திரும்பினாள். நாங்கள் நாலைந்து பெண்கள் சேர்ந்து முதலாளியிடம் போனோம். சாவியை ஆணியில் மாட்டி வையுங்கள், யாரையும் கேட்காமல் போய்வருகிறோம் என்றோம். அவர் கோபப்படவில்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"எனக்கும்தான் கல் இருந்துது. அந்தப் பொண்ணைத் தக்காளியை நிறுத்தச் சொல்லுங்க."

பக்கத்திலேயே

மறு வருஷம் கல் மறுபடி வந்தது. காய்ச்சலோடு ஒரு வாரம் வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது ஒரு சிறுநீரகம் சீழ் பிடித்திருந்தது. அதை எடுத்துவிட்டார்கள். கடையில் அவள் இடத்தில் வேறு பெண் வந்துவிட்டாள். வேலை போன செய்தியை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். எப்படி இருக்கிறாய் என்று மட்டும் கேட்டேன். மேரி மெல்லச் சிரித்தாள்.

"இங்க பாத்ரூம் பக்கத்துலயே இருக்குக்கா. யாரையும் கேக்க வேணாம்."

வருஷக்கணக்கில் பட்டுப் புடவை விற்ற எனக்கும் இடதுபக்கம் ஒரு கல் இருப்பதாகச் சென்ற மாதம் ஸ்கேனில் சொன்னார்கள். சர்வீஸுக்கென்று அந்தக் கடை எனக்குக் கொடுத்தது அது ஒன்றுதான்.