லிப்ட்காரர் கலங்கரை விளக்கம் ஏறிய நாள்

முப்பத்து நான்கு வருடம் லிப்டில் நின்ற மனிதர், ஓய்வு பெற்றபின் தன் இரண்டாம் மாடி வீட்டுக்குப் படியேற முடியாமல் மூச்சிரைக்கிறார் என்றால் சிரிப்பு வரத்தான் செய்யும். அவரே சிரிப்பார். "தெனம் நூறு தடவ பதினோராம் மாடிக்குப் போனவன் நான். காலால போனதில்ல, அவ்வளவுதான்" என்பார். யாரிடம் என்று கேட்காதீர்கள். மனைவி போய் மூன்று வருடம் ஆகிறது. மகன் குடும்பத்தோடு வெளியூரில் இருக்கிறான். சுவரோடுதான் பேச்சு.

அந்தச் சுவரில் மாட்டியிருக்கும் குடும்பப் படத்தில் பேத்தி கைக்குழந்தை. இப்போது அவளுக்கு ஒன்பது வயது. லீவுக்கு வந்த மகன், கடலோரத்துப் பழைய கலங்கரை விளக்கத்துக்கு ஒரு நாள் போய்வரலாம் என்றதும் லிப்ட்காரருக்கு ஒரே ஆசைதான் வந்தது. உச்சியில் நாலு பேருமாக நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். வாய்விட்டுச் சொன்னாரா என்றால் இல்லை. எந்த மாடி என்று பிறரைக் கேட்டே பழகிய வாய் அது.

"நூத்தி எழுவத்திரெண்டு படியாம் மாமா. உங்களுக்கு வேணாம். இந்த பெஞ்சுல உக்காருங்க, வந்துடறோம்" என்றாள் மருமகள். அக்கறையாகத்தான் சொன்னாள். மூவரும் ஏறிப்போனார்கள்.

ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தார். பிறகு, ஆனது ஆகட்டும் என்று எழுந்தார். சுற்றிச் சுற்றிப் போன படிகளில் ஒவ்வொரு ஜன்னலிலும் நின்று மூச்சு வாங்கினார். முழங்கால் கெஞ்சியது. விடவில்லை.

உச்சியில் ஓர் இரும்புக் கதவு. காற்று அதைப் படார் படாரென்று அறைந்துகொண்டிருந்தது. திறந்தால் பத்தடியில் அவருடைய குடும்பம்! மகன் யாரிடமோ போனைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்த நேரம் பார்த்துப் பின்னால் ஒரு சுற்றுலாக் கூட்டம் வந்து சேர்ந்தது. கதவை விட்டால் யார் விரலாவது நசுங்கும். முதுகால் அதை உள்பக்கச் சுவரோடு அழுத்திக்கொண்டு வழிவிட்டார். ஒருவர், இருவர், இருபது பேர். எல்லோரும் வெளியேறிய பிறகுதான் லிப்ட்காரர் நகர வேண்டும். வேலைக்குச் சேர்ந்த அன்று படித்த பாடம். இங்கே தன்னை யாரும் வேலைக்கு வைக்கவில்லை என்பது அந்த மனுஷனுக்கு உறைக்கவே இல்லை. கூட்டம் தீர்வதற்குள் படம் எடுத்து முடிந்துவிட்டது.

மூவரும் கதவுக்கு வந்தார்கள். வெயிலிலிருந்து இருட்டுக்குள் நுழைகிறவர்களுக்கு முகம் எங்கே தெரியும்? பேத்தி குனிந்து ஓடினாள். மருமகள் படியைப் பார்த்தபடி இறங்கினாள். கடைசியாக மகன்.

"தேங்க்ஸ்ங்க" என்றான்.

"பாத்து எறங்குங்க சார்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. காற்றின் இரைச்சலில் மகனுக்குக் குரலும் பிடிபடவில்லை. சொன்ன பிறகுதான் நெஞ்சில் சுருக்கென்றது. 'டேய், நான்டா' என்று கூப்பிட நாலே படி தூரம். கூப்பிட்டால் பிள்ளை கூனிக் குறுகிப்போவான் என்று நின்றுவிட்டார். பெற்ற மகனுக்கே கதவு பிடிக்கிற ஆளாகிவிட்டோமே என்று இருந்தது.

சற்று நேரத்தில் போன் அடித்தது.

"அப்பா, பெஞ்சுல காணோமே, எங்க இருக்கீங்க?"

"இங்கதான்ப்பா... கிட்டத்துலதான்."

"சீக்கிரம் வாங்க. போட்டோ பிரமாதமா வந்திருக்கு. எல்லாரும் இருக்கோம்."