இழுக்காத கைப்பிடி

என் கணவர் போர் விமானங்களைப் பழுது பார்க்கும் தொழிற்சாலை ஒன்றில் இருபது வருஷத்துக்கு மேல் டெக்னீஷியனாக இருந்தார். அது பெங்களூருப் பக்கம். நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் ரயிலில் வருவார், திங்கள் விடியலில் கிளம்பிவிடுவார். எங்கள் குடித்தனம் அப்படித்தான் ஓடியது.

பிரித்துப் பழுது பார்த்த விமானத்தை அப்படியே விமானப்படையிடம் கொடுத்துவிட மாட்டார்களாம். சோதனை விமானி ஒருவர் முதலில் ஓட்டிப் பார்த்து, சரி என்று சொல்ல வேண்டும். அவரை இருக்கையில் உட்காரவைத்து, பட்டைகளை மாட்டி அனுப்புவது என் கணவரின் வேலை. ஆபத்து என்றால் விமானி ஒரு கைப்பிடியை இழுப்பார். இருக்கையோடு வெளியே வீசப்பட்டு, பாராசூட்டில் இறங்கிவிடலாம். தரையில் நிற்கும்போது அது தவறி இயங்கிவிடக் கூடாது என்று சிவப்பு நாடா கட்டிய ஊசிகளைச் செருகி வைத்திருப்பார்கள். புறப்படும் முன் அவற்றை உருவி விமானியிடம் காட்ட வேண்டும்.

ஒரு புதன்கிழமை அவர் அப்படி அனுப்பிவைத்த விமானம், கிளம்பிய சில நிமிடங்களிலேயே விழுந்துவிட்டது. விமானி பிழைக்கவில்லை. கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், முப்பது வயதைத் தாண்டியவர், என் கணவரை “அண்ணா” என்றுதான் கூப்பிடுவாராம்.

கம்பெனி போனுக்கு அழைப்பு வந்திருப்பதாக சூப்பர்வைசர் கூப்பிட்டார். ஓடினேன். என் கணவர்தான்.

“நான் நல்லாத்தான் இருக்கேன். டிவில எதுனா சொன்னா பயப்படாத.”

“இன்னாங்க ஆச்சு?”

“அவரு போய்ட்டாரும்மா,” என்றார். போனை வைத்துவிட்டார்.

அன்றைய காகிதங்களையும் கருவிகளையும் பூட்டி சீல் வைத்தார்கள். விசாரணைக்கு அவரை மூன்று முறை கூப்பிட்டார்கள். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் கை நின்றுவிடும். “எல்லா ஊசியும் எடுத்தேன் இல்ல?” என்று என்னைக் கேட்பார். “எடுத்திருப்பீங்க,” என்பேன். எனக்கென்ன தெரியும்?

கடைசியில், பறவைகள் மோதி எஞ்சின் நின்றுவிட்டதாக முடிவு வந்தது. இருக்கை நல்ல நிலையில்தான் இருந்ததாம். கைப்பிடி மட்டும் இழுக்கப்படவே இல்லை. “உங்க மேல எந்தத் தப்பும் இல்ல,” என்று அதிகாரி சொன்னதாக இவர் வந்து சொன்னதும் எனக்கு உயிர் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்துச் சமைத்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு அவரால் விமானத்துக்குப் பக்கத்தில் போக முடியவில்லை. தானே கேட்டு ஸ்டோருக்கு மாறினார். அதுவும் ஒத்துவரவில்லை. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

போன வருஷம் அந்த விமானியின் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். மனைவியின் வைத்தியத்துக்காக வேலூர் வந்தவர், என் கணவரோடு வேலை செய்த ஒருவரிடம் விலாசம் வாங்கியிருக்கிறார். நான் கொடுத்த காபியைத் தொடவில்லை.

“நீங்கதான் அவனைக் கடைசியாப் பார்த்தீங்களாமா?”

“ஆமாங்க ஐயா. சிரிச்சிக்கினுதான் இருந்தார். பட்டை இறுக்குதுன்னார், கொஞ்சம் தளர்த்திவிட்டேன்.”

பெரியவர் நாற்காலியை இவர் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கோணுங்க. அந்த சீட்டு கெட்டுப் போயிருந்திருக்குமா? அவன் இழுத்தும் வேலை செய்யாமப் போயிருக்குமா?”

என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எத்தனையோ முறை பதில் சொல்லிப் பழகிய கேள்வி.

“இல்லீங்க ஐயா. ஊசி அத்தனையும் என் கையால எடுத்தேன். இழுத்திருந்தா கட்டாயம் வேலை செஞ்சிருக்கும்.”

“அப்ப எம்பையன் இழுக்கவே இல்லீங்களா?” பெரியவரின் குரல் இறங்கிவிட்டது. “ஆபீசருங்க சொன்னாங்க. நான் நம்பலீங்க. சீட்டு கெட்டுப்போச்சு, அவன் பொழைக்கத்தான் பார்த்தான்னு அவங்கம்மாகிட்டச் சொல்லி வெச்சிருக்கேன்.”

“நேரம் இருந்திருக்காதுங்க. ரொம்பத் தாழப் பறந்தப்ப...” என்று இவர் தொடங்கினார். பெரியவர் தலையை ஆட்டினார். காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

அவரை வேலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்த என் கணவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“தெரியலன்னு சொல்லியிருக்கலாம்,” என்றார்.

“பொய் சொல்ல முடியுமாங்க?”

“என் மேல தப்பில்லன்னு சொல்றதுலயே இருந்துட்டேன். அவரு அதைக் கேக்கவா வந்தாரு?”

நாலு மாதம் கழித்துப் பெரியவர் போன் செய்தார். மனைவி இறந்துவிட்டார். “நீங்க சொன்னதை அவகிட்டச் சொல்லலீங்க,” என்றாராம். இவர் “சரிங்க ஐயா” என்று மட்டும் சொன்னார்.

காரியத்துக்கு இருவரும் போனோம். மகனின் படத்துக்குப் பக்கத்தில் அம்மாவின் படமும் மாலையோடு இருந்தது. நான் உள்ளே போய்விட்டேன். என் கணவர் வாசல் பந்தலைத் தாண்டி வரவில்லை. பெரியவர் எழுந்து போய், அவர் கையைப் பிடித்துக் கூட்டி வந்து தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். நாங்கள் கிளம்பும் வரை அந்தக் கையை அவர் விடவே இல்லை.