பாடமாக்காத கேள்வி

பழைய ஆங்கிலப் படம் அது, கறுப்பு வெள்ளை. நாடு கடத்தப்படவிருந்த ஒருத்தியைக் காப்பாற்ற லண்டன்காரர் ஒருவர் பேருக்குக் கலியாணம் செய்கிறார்; விசாரிக்க வந்த அதிகாரியிடம் இருவரும் உளறிக்கொட்டுகிறார்கள். பாரிஸில், மார்க்ஸ் டோர்மோய் பக்கம் இருந்த தன் வீட்டுச் சோபாவில் முசியே விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படியில் யாராவது ஏறும் சத்தம் கேட்டாலே எழும்பிக் கதவடிக்குப் போய்விடுவேன்.

"இதிலை சிரிக்க என்ன கிடக்கு?" என்றேன்.

"நம்ம கதைதாங்க. சிரிங்க, பயம் போயிடும்."

அவர் பாண்டிச்சேரிக்காரர், பிரெஞ்சுக் குடிமகன், அரசாங்க அலுவலகத்தில் வேலை, தனி ஆள். ரூ காய் தெருவில் நான் வேலை செய்த சாப்பாட்டுக் கடைக்குத் தினமும் மத்தியானம் வருவார். கடையில் எல்லோரும் அவரை 'ஐயா' என்பதற்குப் பதிலாகப் பிரெஞ்சில் முசியே என்பார்கள். எனக்கும் கடைசிவரை அப்படித்தான். 2009இல் இலங்கையில் சண்டை முடிந்து வந்தவள் நான். என் அகதி வழக்கு இரண்டாம் முறையும் தள்ளப்பட்டதைக் கேள்விப்பட்டவர், தோசையைப் பிட்டபடியே, "என்னைக் கட்டிக்கங்க. இங்க தங்குறதுக்குக் கார்த் வந்ததும் பிரிஞ்சிக்கலாம்" என்றார். விசர் மனிசன் என்று நினைத்தேன். மூன்று நாள் யோசித்து ஓம் என்றேன்.

கலியாணத்துக்கு முன் நகரசபையில் எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். அதனால் அந்தப் படத்தை வைத்தே பாடமாக்கினோம். அதிகாரி கேள்வி கேட்கும் இடத்தில் முசியே படத்தை நிறுத்துவார். அவருக்கு எந்தக் காது மந்தம், எனக்கு எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, காலையில் யார் முதலில் எழும்புவது? நான் பிழைவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து. படத்தின் முடிவில் அந்த இரண்டு பேரும் உண்மையாகவே காதலித்துவிடுவார்கள். அந்த இடம் வந்ததும் நான் தேத்தண்ணி போட எழும்பிவிடுவேன்.

நகரசபையில் ஒரு பிழையும் விடவில்லை. கலியாணம் நடந்தது. வீட்டில் ஆளுக்கொரு அறை. ஆனாலும் அவர் வேலையால் வரப் பத்து நிமிடம் பிந்தினால் நான் யன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தேன். பொலிஸ் பயம் போய் வேறு பயம் பிடித்துவிட்டது. ஆசைதான், இப்போது சொல்ல வெட்கமில்லை. அப்போது, இவ்வளவு செய்த மனிதரிடம் இன்னும் கேட்பதா என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

சில வருடங்களில் நிரந்தர வதிவிடக் கார்த் கைக்கு வந்தது. "பேசினபடி முடிச்சிக்கலாமா?" என்று அவர்தான் கேட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை, கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஓம், முடிப்பம்" என்றேன், அவசரப்பட்டு.

விவாகரத்துக்கும் தனித்தனியாகத்தான் கூப்பிட்டார்கள். முதலில் அவர் போனார். கண்ணாடியைத் துடைத்தபடி வெளியே வந்தார். பிறகு நான். நீதிபதி கேட்டது ஒரே கேள்வி: பிரிவது உங்கள் சொந்த விருப்பமா? இதை நாங்கள் பாடமாக்கியிருக்கவில்லை. "உய்", ஓம் என்றேன். இந்த நாட்டு அதிகாரிகளிடம் நான் சொன்னவற்றில் அதுதான் பெரிய பொய்.

இப்போது பாரிஸுக்கு வெளியே பியர்ஃபித்தில் தனியாக இருக்கிறேன். அவரும் உள்ளே அதையேதான் சொல்லியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் விவாகரத்து கிடைத்திருக்காது. ஆனால் அதைச் சொல்ல எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அவர் உள்ளே இருபது நிமிடம் இருந்தார்.