மூன்று விரல் தாழ்ந்த கார்

போத்தனூர் ரங்கராஜ் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியபோது தெருவே மூக்கில் விரல் வைத்தது. மூன்று வயதில் போலியோ வந்து கால்கள் போன மனிதருக்குப் பந்தயக் கார் எதற்கு என்று கேட்டவர்களிடம், "சும்மா, அழகுக்குத்தானுங்க" என்று சொல்லிவிட்டு ரிப்பேருக்கு வந்த மோட்டாருக்குக் காயில் சுற்ற ஆரம்பித்துவிடுவார். மற்றவர்கள் குழம்புவதைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு அற்ப சந்தோஷம் உண்டு.

உண்மைக் காரணம் மனைவி பாப்பாத்திக்குத்தான் தெரியும். இரண்டு வருஷம் முன்பு ஒரு கல்யாணத்தில் அவரை ஜீப்பிலிருந்து நாலு பேர் தூக்கி இறக்கினார்கள். வேட்டி அவிழ்ந்துவிட்டது. மண்டபமே பார்த்தது. தூக்கியவர்கள் பாசமாகத்தான் தூக்கினார்கள். பாசத்தின் மேல் யாரிடம் போய்ப் பிராது கொடுப்பது? அன்றோடு எந்த விசேஷத்துக்கும் போவதில்லை என்று முடிவெடுத்தார்.

இப்போது, தொண்ணூற்றாறு ஆவணியில், அக்கா கருப்பாத்தாளின் மகள் சண்முகப்பிரியாவுக்கு வெள்ளகோவிலில் கல்யாணம். தாய்மாமன் போகாமல் இருக்க முடியாது. போனால் தூக்குவார்கள்.

அதற்குத்தான் இந்த இரண்டு கதவுக் கார். கதவு அகலமானது, தாமே வெல்டிங் வைத்துச் செய்துகொண்ட குள்ளமான சக்கர நாற்காலியைச் சீட்டோடு ஒட்டி நிறுத்தலாம். ஒரே குறை, காரை முன்பு வைத்திருந்தவர் காட்டுப்பாதையில் ராலிப் பந்தயம் ஓட்டுவதற்காக உயர்த்திவிட்டிருந்தார். சீட்டு நாற்காலியைவிட மூன்று விரல் உயரம். ரங்கராஜின் மானம் அந்த மூன்று விரலில் தொங்கிக்கொண்டிருந்தது.

கணபதியில் ஒரு பட்டறையில் சொல்லிவைத்துக் குட்டை ஸ்பிரிங்குகள் நாலு செய்துவாங்கினார். ஞாயிற்றுக்கிழமை காலையில், உக்கடத்து மெக்கானிக் அப்துல் வஹீது, இருபது வருஷ சிநேகிதர், வாசலில் ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கினார்.

"பாய், பாத்துங்க. பழைய ஸ்பிரிங்கு எகிறுச்சுன்னா மூஞ்சியப் பேத்துப்போடும்."

"ஏனுங்க ரங்கராஜ், நீங்க காயில் கட்டறப்ப நான் வந்து பாடம் நடத்துனனா?"

மதியத்துக்குள் நாலும் ஏறிவிட்டன. காரை இறக்கினார்கள். அது ஒரு விரல்கூடத் தாழாமல் பழையபடியே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. ரங்கராஜ் விரலை வைத்து அளந்து பார்த்தார். நாற்காலியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். கல்யாணத்துக்கு நாலே நாள்தான் இருந்தது.

வஹீது, பாப்பாத்தி கொடுத்த டீயைக் குடிக்காமல் காருக்கடியில் படுத்துக் கிடந்தார். திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"சக்கரம் அந்தரத்துல தொங்கறப்பவே போல்ட்ட இறுக்கிப்போட்டேனுங்க அம்மணி! போல்ட்டச் சுத்தியிருக்கற ரப்பரு அப்படியே முறுக்கிக்கிட்டு வண்டியக் கீழ உடாமப் புடிச்சிருக்குது. தரையில நின்னதுக்கப்புறமில்ல இறுக்கோணும்!"

போல்ட்டுகளைத் தளர்த்தி வெளியே வந்தார். பானெட்டில் பாப்பாத்தி இரண்டு கையையும் ஊன்றி, புருஷன் மேலிருந்த கோபத்தையும் சேர்த்து அமுக்கினாள். பின்பக்கம் வஹீது அமுக்கினார். கார் முனகிக்கொண்டே உட்கார்ந்தது.

"ஏனுங்க, வெளிய வாங்க!" என்று பாப்பாத்தி கத்தினாள்.

ரங்கராஜ் நாற்காலியை ஒட்டி நிறுத்தினார். சீட்டில் ஒரு கையை ஊன்றினார். ஒரே நகர்வு, உள்ளே இருந்தார். கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை. வஹீதுக்குத்தான் அதைப் பார்க்க முடியவில்லை, மறுபடி காருக்கடியில் புகுந்து போல்ட்டை இறுக்கப் போய்விட்டார்.

கல்யாணத்தன்று வஹீதுதான் ஓட்டினார். வேகத்தடை வரும்போதெல்லாம் ஆமையாய் ஊர்ந்து, எல்லா லாரிக்காரர்களிடமும் திட்டு வாங்கி, வெள்ளகோவில் போய்ச் சேர்ந்தார்கள். காரைக் கண்டதும் மண்டபத்திலிருந்து நாலு பேர் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள்.

"மாமா, அப்படியே இருங்க, நாங்க தூக்கிக்கறோம்!"

வஹீது டிக்கியிலிருந்த நாற்காலியை எடுத்துக் கதவோரம் நிறுத்தினார். ரங்கராஜ் நகர்ந்து உட்கார்ந்து, பட்டு வேட்டியைச் சரிசெய்துகொண்டார். அவர்கள் வந்து சேர்ந்தபோது தூக்குவதற்கு ஆள் இல்லை. நீட்டிய கைகளோடு நின்றார்கள்.

"வந்ததுதான் வந்தீங்க, கண்ணு. பின்னாடி சீட்டுல சீர்த்தட்டு நாலு இருக்குது" என்றார் தாய்மாமன். "அதைத் தூக்கிக்கிட்டு முன்னால நடங்க. நான் வாரேன்."