கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பேசும் அரசியல்

அமெரிக்காவில், டெக்சாஸின் ஃபிரிஸ்கோ நகருக்குப் போகும் வழியில் பெட்ரோல் போட நிறுத்துகிறோம். இங்கே பம்பிலேயே ஒரு சின்ன டிவி இருக்கிறது. அமைதிக்காகத்தான் குண்டு போட்டோம் என்று கோட்டு போட்ட ஒருவர் அதில் சிரித்துக்கொண்டே சொல்கிறார்.

"குண்டு போட்டா அமைதியா? யார் காதுல பூ சுத்துறாங்க?" என்கிறேன், கொஞ்சம் சத்தமாகவே.

என்னைக் கூட்டிவந்திருக்கும் நண்பர் செந்தில் சட்டென்று பம்பில் ஒரு பட்டனை அமுக்கி டிவியின் வாயை அடைக்கிறார். பிறகு என்னைக் காருக்குள் உட்காரவைத்து எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றிவிடுகிறார்.

"சார், இங்க பாலிடிக்ஸ்னா கண்ணாடிய ஏத்திட்டுத்தான் பேசுவோம். எங்க ஊரு காப்பெல்ல இருக்கிற ஃப்ரெண்ட்ஸ் எல்லாருமே அப்படித்தான்."

ஏற்றியதும் மனிதர் வெடிக்கிறார். "அந்த குண்டுல என் டாக்ஸும் இருக்கு சார். ஓட்டு மட்டும் கிடையாது. கிரீன் கார்டுக்கு வெயிட் பண்றவன் வாயத் தொறக்க முடியுமா? நீங்க அடுத்த வாரம் ஊருக்குப் போயிடுவீங்க."

போகத்தான் போகிறேன். அதற்காக அதுவரை வாயைப் பொத்திக்கொண்டு இருக்க என்னால் ஆகாது. என் பக்கத்துக் கண்ணாடியை இறக்குகிறேன். டெக்சாஸ் அனல் முகத்தில் அறைகிறது.

"ஓட்டு இல்லாதவன் வரிப்பணத்தில் குண்டு வாங்காதே!"

நம்மூர் ஊர்வலத்தில் கத்துவது போலவே கத்துகிறேன். அடுத்த பம்பில், கோயிலுக்குப் போய்வந்த செந்தூரத்தோடு நிற்பவர் திரும்பிப் பார்க்கிறார். அவருக்குத் தமிழ் தெரியும் என்பது முகத்திலேயே தெரிகிறது.

என் கண்ணாடியை ஏற்றும் பட்டன் செந்தில் கைப்பக்கமும் இருக்கிறது. அவர் விரல் அதன்மேல் போகிறது. கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கிறது.

பிறகு அவர் பக்கத்துக் கண்ணாடியும் இறங்குகிறது.