மூணாவது லோடும் திரும்பினா

என்ன வேலை பார்க்கிறேன்னு கேட்கிறவங்ககிட்ட உள்ளதைச் சொன்னா மூக்கைப் பொத்துறாங்க, கொஞ்சம் மெருகேத்தி எரிபொருள் தயாரிக்கிறோம்னு சொன்னா பெட்ரோல் பங்க் எந்த ரோட்டுலன்னு கேட்கிறாங்க. ரெண்டும் இல்லீங்க. தொழிற்சாலைங்க வேண்டாம்னு தள்ளுற துணி வெட்டு, அட்டை, ஸ்பாஞ்சு, பிளாஸ்டிக் உறை எல்லாத்தையும் கொண்டுவந்து, பிரிச்சு, மெஷின்ல விரல் நீளத்துக்குத் துண்டு போட்டு, கலந்து, அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலைக்கு அனுப்புறோம். அவங்க நிலக்கரியோட இதையும் சேர்த்துச் சூளையில எரிக்கிறாங்க. பூதலூர் பக்கத்துல எங்க யார்டு. அங்க தரம் பார்க்கிறவ நான், பேரு ஜெயசீலி. குப்பைக்குத் தரமான்னு சிரிக்காதீங்க, அந்தச் சிரிப்பை நிறையப் பார்த்தாச்சு.

மஸ்கட்ல ஒரு சிமெண்ட் கம்பெனி லேப்ல பத்து வருஷம் இருந்துட்டு, மகளை இங்க படிக்க வைக்கணும்னு திரும்பி வந்தவ நான். வீட்டுக்காரர் இன்னும் அங்கதான். இந்த வேலை போச்சுன்னா மகளை ஹாஸ்டல்ல விட்டுட்டு நானும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். யார்டுல பதினெட்டு பொம்பளைங்க வேலை பார்க்கிறாங்க. நடவு மெஷின் வந்து வயல் வேலை போனதால இங்க வந்தவங்க. ஆலையோட போட்ட ஒப்பந்தத்துல ஒரே ஒரு வரிதான் எங்க எல்லார் உயிரையும் வாங்குது. தொடர்ந்து மூணு லோடு தரமில்லாம திரும்பினா, அதோட சரி. உங்களுக்கும் இப்படி ஒரு வரி வாய்ச்சிருந்தா நான் புலம்புறது புரியும்.

நல்ல குப்பை, கெட்ட குப்பை

கரூர்ப் பக்கத்துல இருந்து ஒருத்தர் எங்களுக்குத் துணி வெட்டு அனுப்புவார். காஞ்ச துணி, வேற எதுவும் கலக்கக்கூடாதுன்னு எழுத்துல கொடுத்திருக்கோம். ஒருநாள் லாரியைப் பிரிச்சுப் பார்த்தா, சொட்டச் சொட்ட நனைஞ்ச துணி, உடைஞ்ச நாற்காலி ரெண்டு, தேங்காய் மட்டை, ஒத்தைச் செருப்பு ஒரு சாக்கு. அடியில கல்லா இறுகிப்போன சிமெண்ட் மூட்டை ஒண்ணு. சிமெண்ட் ஆலைக்குப் போற சரக்குல சிமெண்ட் மூட்டை. தலையில அடிச்சுக்கிட்டேன்.

போன் போட்டு விட்டேன் பாருங்க ஒரு டோஸு. மனுஷன் பொறுமையா எல்லாத்தையும் கேட்டார். நடுவுல டீயை உறிஞ்சுற சத்தம்கூடக் கேட்டுச்சு. கடைசியில நிஜமாவே மனசு நொந்த குரல்ல சொன்னார்: "ஏங்க மேடம், குப்பை வாங்குற நீங்களே குப்பையைப் பாத்துக் கோவப்பட்டா, நாங்க வேற எங்கதாங்க கொண்டுபோயிக் கொட்டுறது?"

மேல அப்பளம்

எங்க சரக்குக்கு எமன் ஈரம். நூத்துக்கு இருபது பங்குக்கு மேல ஈரம் இருந்தா ஆலையில எடுக்க மாட்டாங்க. தண்ணியை எரிக்கணும்னு எங்களுக்கு என்ன தலையெழுத்தான்னு அவங்க கேட்கிறதும் நியாயம்தான். மழை பேஞ்ச ஒரு வாரம், நான் மகள் ஸ்கூலுக்குப் போயிட்டு மறுநாள் வந்து பார்த்தா, லோடு ஜோரா ஏறி நிக்குது. மேல கையை விட்டு அள்ளினா சரசரன்னு இருக்கு. பொம்பளைங்களுக்கு மேஸ்திரி சரோஜா. அவங்களைப் பாராட்டி எல்லாருக்கும் டீ வேற சொன்னேன்.

மத்தியானம் ஆலை லேப்ல இருந்து கதிரேசன் போன் பண்ணார். சரக்கைச் சோதிக்கிறவர் அவர்தான். சிரிச்சா ரிசல்ட் மாறிடும்னு நினைக்கிற ஆளு. "மேல ஒரு சாண் அப்பளம், கீழ பூரா கஞ்சி. லோடு திரும்பி வருது மேடம்"னு சொல்லிட்டு வச்சுட்டார். ஆளுயரக் குழாயை லாரிக்குள்ள அடி வரைக்கும் இறக்கி சாம்பிள் எடுக்கிற இடம் அது. நம்ம ஆளுங்க மேல் அடுக்கை மட்டும் பொறுப்பாக் காயவச்சுப் பரப்பியிருக்காங்க.

சரோஜாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவங்க முகத்துல திருட்டுத்தனமே இல்லை. எனக்கு உதவி பண்ண நினைச்சுத்தான் ராத்திரி ஏழு மணி வரைக்கும் இருந்து காயவச்சிருக்காங்க. "நெல்லு கொள்முதல்ல மேலாகத்தானேம்மா ஒரு கை அள்ளிப் பாப்பாங்க. நெல்லுக்கே அவ்வளவுதான், குப்பைக்கு அடி வரைக்கும் போவாங்கன்னு யாரு கண்டா?"

மீசை

ஈரம், ஈரம்னு நான் கத்தின கத்துல மறுநாளே ஆளுக்கொரு ஃப்ளெக்ஸ் பேனரோட வந்துட்டாங்க. எங்க பக்கம் ரோட்டோரம் குவிச்ச நெல்லை மழைக்கு மூடுறது அதாலதான். எங்க குப்பை மலை மேல கல்யாணம், காதுகுத்து, தலைவர் பிறந்தநாள் எல்லாம் ஒண்ணா விரிஞ்சு கிடந்துச்சு. நானும் பார்த்துச் சந்தோஷப்பட்டேன், படிச்ச முட்டாள். ஃப்ளெக்ஸ்ல இருக்கிறது பிவிசி, பிவிசின்னா குளோரின், குளோரின் சூளைக்குள்ள போனா ஆவியாகி மேல குழாய்ங்கள்ல படிஞ்சு அடைச்சுக்கும். இதைத்தான் நான் பத்து வருஷம் லேப்ல உக்காந்து படிச்சேன். மூடத்தானே வச்சிருக்காங்க, அப்புறம் எடுத்துடுவாங்கன்னு இருந்துட்டேன்.

அடுத்த லோடுக்கு வெட்டும்போது மழை பிடிச்சுது. அவசரத்துல ஜேசிபி டிரைவர் குவியலோட சேர்த்து ஃப்ளெக்ஸையும் அள்ளி மெஷின்ல போட்டுட்டார். ஈரம் சரியா இருக்கான்னு மட்டும் பார்த்துட்டு நான் அனுப்பி வச்சுட்டேன். மறுபடி கதிரேசன் போன். வணக்கம்கூடச் சொல்லலை: "குளோரின் மூணு மடங்கு இருக்கு மேடம், லோடு திரும்புது. சாம்பிள்ல யாரோ ஒருத்தரோட பாதி மீசை வந்திருக்கு, யாருன்னு பாத்து வீட்டுல சொல்லிடுங்க."

அப்பாவைத் தேடி வந்தவர்

ரெண்டு லோடு போச்சு. எனக்கு வந்த ஆத்திரத்துல மிச்சமிருந்த ஃப்ளெக்ஸை எல்லாம் உருவி கேட்டுக்கிட்ட குவிக்கச் சொன்னேன். அந்த நேரம் பார்த்து வெள்ளைச் சட்டை போட்ட ஒருத்தர் பைக்ல வந்து இறங்கினார். "எங்கப்பா இங்க இருக்கிறதாச் சொன்னாங்க"ன்னார். இங்க பொம்பளைங்கதான் வேலை பார்க்கிறாங்க, பெரியவர் யாரும் இல்லைங்கன்னேன். "வேலை பாக்கலைங்க, படுத்திருக்காரு"ன்னு கையைக் காட்டினார்.

திரும்பிப் பார்த்தா, குவியல்ல பாதி உருவின ஒரு கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ். பெரியவர் இறந்து ரெண்டு மாசம்தான் ஆகுதாம். மாட்டுக்கொட்டாயில பத்திரமா மடிச்சு வச்சிருந்ததை வீட்டுல யாரோ எங்க ஆள்கிட்டத் தூக்கிக் கொடுத்திருக்காங்க. நாலு தடவை மன்னிப்புக் கேட்டேன். அவர் ஃப்ளெக்ஸைத் தன் கைக்குட்டையால துடைச்சு, முகம் மடங்காம சுருட்டி, பைக் பின்னாடி கட்டினார். கிளம்பும்போதுதான் சொன்னார்: "குப்பை மேல விரிச்சதுகூடப் பரவால்லைங்க, அப்பா எதையும் பெருசா எடுத்துக்க மாட்டாரு. தலைகீழா விரிச்சிட்டீங்களே, அதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு."

மெஷினுக்குக் குளியல்

மூணாவது லோடுக்கு நான் ஒரு வாரம் கோழி அடைகாக்கிற மாதிரி குவியல்கிட்டயே உக்காந்திருந்தேன். துணியும் அட்டையும் மட்டும், பிவிசி ஒரு நூல் கிடையாது, ஈரம் பதினாலு. லாரியில ஏத்தி, தார்ப்பாய் கட்டி, மூச்சு விட்டேன். மறுநாள் ஆயுத பூஜை. பூஜையை நீங்க பார்த்துக்குங்கன்னு சொல்லிட்டு நான் வீட்டுல இருந்துட்டேன். அதுக்கு மறுநாள் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள லோடு ஆலை கேட்டைத் தாண்டணும். தாண்டலைன்னா அதுவும் திரும்பின லோடுதான்.

பூஜைக்கு மறுநாள் காலையில எட்டு மணிக்குப் போனா, எல்லாம் பளபளன்னு இருக்கு. மெஷினுக்குச் சந்தனம், லாரிக்கு வாழைக்கன்னு. டிரைவர் அந்தோணி ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போறவர், ஆனா லாரிக்குப் பொட்டு வைக்கிறதுல அவரை யாரும் மிஞ்ச முடியாது. வண்டியை எடுக்கச் சொல்லிக் கையைக் காட்டினேன். அந்தோணி ஏறி உக்காந்தவர் கிளப்பாம ஸ்டியரிங்கையே பார்த்துக்கிட்டிருக்கார். சரோஜா வண்டிக்கு முன்னாடி வந்து நின்னு விஷயத்தைச் சொன்னாங்க. பூஜைக்கு முந்தி எல்லாத்தையும் ஓஸ் பைப் வச்சுக் கழுவியிருக்காங்க. மெஷின், தரை, லாரி, அதுல கட்டியிருந்த தார்ப்பாய் வரைக்கும். அழுக்குத் தார்ப்பாயோட பூஜை போடலாமான்னு ஓரக்கயித்தை அவுத்து, உதறிக் கழுவிக் கட்டியிருக்காங்க. சரக்கு ஒரு முழம் ஆழத்துக்கு நனைஞ்சு கிடக்கு.

நான் கத்தினது பூதலூர் ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும். மெஷினைக் குளிப்பாட்டினீங்க சரி, குப்பையையுமா குளிப்பாட்டுவீங்க? சொல்லாமலே விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே, இப்ப எதுக்குச் சொல்றீங்கன்னுகூடக் கோவத்துல கேட்டுட்டேன். மத்தவங்க எல்லாம் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. சரோஜா மட்டும் குனியலை: "லோடு திரும்பிட்டா நீங்க மஸ்கட்டு போயிடுவீங்க. நாங்க எங்கம்மா போறது?"

நடுக்கோடு

இறக்கிக் காயவைங்கன்னேன். எங்க காயவைக்கிறது? யார்டுத் தரையிலயும் கழுவின தண்ணி இன்னும் தேங்கி நிக்குது. ரோடு ஒண்ணுதான் பாக்கி. ரோட்டுல பக்கத்து வயல்காரர் ராமையன் அறுத்த குறுவை நெல்லைக் கொட்டிப் பரப்பி வச்சிருந்தார். நாலு நாளா அந்த ரோடு அவருதுதான். பாதி கொடுங்கன்னு கேட்டதும், எங்க சரக்கைப் பார்த்தார், தன் நெல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் குப்பை கலந்தா அவர் நெல்லைக் கொள்முதல்ல எடுக்க மாட்டாங்க. அவர் பயமும் நியாயம்தானே. சரோஜா போய் என்ன சொன்னாங்களோ தெரியாது, நெல்லை ஒதுக்கித் தள்ளுற பலகையை எடுத்து அவரே ஒரு பக்கமா ஒதுக்கிக் கொடுத்துட்டார்.

அடியில தார்ப்பாயை விரிச்சு, பதினெட்டு பேரும் பூட்ஸ் காலோட, நெல்லைக் காலால கிளறிவிடுற மாதிரியே வரிசை பிடிச்சு நடந்தாங்க. அந்த நேர்த்தியை நான் மெஷின்ல பார்த்ததில்லை. நானும் செருப்பைக் கழட்டிட்டு ஒரு பூட்ஸை மாட்டிக்கிட்டு இறங்கினேன். பதினோரு மணி பஸ் ஒண்ணு ஆரன் அடிச்சுக்கிட்டு வந்து, அந்தப் பக்கத்து நெல்லை இந்தப் பக்கமும் இந்தப் பக்கத்துத் துணியை அந்தப் பக்கமும் வாரி அடிச்சுட்டுப் போச்சு. ராமையன் குத்தவச்சு உக்காந்து தன் நெல்லுல இருந்து எங்க சிவப்புத் துணியை ஒண்ணொண்ணாப் பொறுக்கிக்கிட்டே சொன்னார்: "ஏம்மா, நெல்லுக்கும் குப்பைக்கும் ஒரே ரோடுன்னு ஆயிப்போச்சு. நடுவுல ஒரு கோடாவது போடுங்க, எது யாருதுன்னு தெரிய வேணாமா?"

கதிரேசன் சொன்னது

ரெண்டரை மணிக்கு லாரி கிளம்புச்சு. அஞ்சுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கையில கேட்டைத் தாண்டிட்டோம்னு அந்தோணி போன் பண்ணார். அதுக்கப்புறம் ஒரு தகவலும் இல்லை. வீட்டுக்குப் போங்கன்னு சொன்னேன், ஒருத்தரும் போகலை. ஆபீஸ் ரூமுக்கு வெளியில வரிசையா உக்காந்துக்கிட்டு, என் போனையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. மகளை எந்த ஹாஸ்டல்ல சேர்க்கிறதுங்கிற வரைக்கும் மனசு போயிடுச்சு. இவங்க முகத்தைப் பார்த்து என்னத்தைச் சொல்லப்போறேங்கிறதுதான் அதைவிடப் பெருசா இருந்துச்சு.

ஆறு மணிக்குப் போன் அடிச்சுது. சரோஜா கேட்கட்டும்னு ஸ்பீக்கர்ல போட்டேன். கதிரேசன்தான். ஈரம் பதினாறு, குளோரின் சரியா இருக்குன்னார், ரிப்போர்ட் நம்பரைச் சொல்லி எழுதிக்கச் சொன்னார். நான் கைக்குக் கிடைச்ச லோடு சீட்டு மேலயே எழுதினேன், சரோஜா முந்தானையை வாயில வச்சுக்கிட்டு அழறாங்க. வச்சிடுவார்னு பார்த்தா வைக்கலை. அப்புறம், அதுவரைக்கும் நான் கேட்காத ஒரு குரல்ல சொன்னார்: "மேடம், சாம்பிள்ல ஒரு பிடி நெல்லு கிடந்துச்சு. எனக்கு சொந்த ஊரு உங்க பக்கத்துத் திருக்காட்டுப்பள்ளி, நெல்லு போடுற வீடு. எரிக்க மனசு வரல, எடுத்து மேஜை மேல வச்சிருக்கேன்."

அந்த ஆளுக்கும் ஒரு மனசு இருக்குன்னு பதினெட்டு பேரும் சொல்லிச் சொல்லி மாய்ஞ்சு போனாங்க, அடுத்த வாரமே ஈரம் இருபத்தொண்ணுன்னு நாலாவது லோடைத் திருப்பி அனுப்புற வரைக்கும்.